சங்கம் வைத்தால் வேலை போகுமா?

"சாச்சா, சங்கம் வச்சா வேலை போயிருமா?"

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. விடியும் முன்னமே கொம்பனி பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டிப் பெருநிலப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸுக்குப் போய் வருகிறவள். எந்தத் தொழிற்சாலை, எந்த லைன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவளுக்கு நான் சொன்ன பதில், "போகக் கூடாது, ஆனால் போகும்." அதைக் கேட்டு அவள் சிரித்தாள். பிறகு, "அப்ப போனா என்ன செய்யிற?" என்றாள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பில் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் பல காலம் கடிதம் எழுதிக் கொடுத்தவன். வேலை போனவர்கள் முதலில் வந்து உட்காருவது என்னைப் போன்ற ஆள் முன்னால்தான். அவர்கள் கையில் கொண்டு வரும் காகிதங்களைப் பார்த்தே வழக்கு நிற்குமா விழுமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் சொந்த விசயத்துக்கு ஒரு சட்டத்தரணியையோ தொழில் உத்தியோகத்தரையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் எங்கள் ஊரான தாராபுரத்தில் தொழிற்சங்கம் என்பது புழங்கிய சொல் இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு. அது வலைக்கும் எண்ணெய்க்கும் கடனுக்கும். முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதற்கான சங்கம் அல்ல அது. கடை வேலைக்குக் கொழும்பு போனவர்கள் முதலாளி வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்துவிட்டு வந்தார்கள். வளைகுடா போனவர்களைக் கேட்கவே வேண்டாம். சவூதியில் தொழிற்சங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய 1990 ஒக்டோபரில் ஊரோடு விரட்டப்பட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கிடைத்தது நாட்கூலி. அகதி முகாமிலிருந்து கூலிக்குப் போகிறவன் சங்கம் கேட்டால், அடுத்த நாள் அவன் இடத்தில் இன்னொரு அகதி நிற்பான். ஆகவே திரும்பி வந்த குடும்பங்களில் சேமலாப நிதி இலக்கத்தோடும் மாதச் சம்பளச் சீட்டோடும் வேலைக்குப் போகிற முதல் தலைமுறை பெரும்பாலும் இப்போதைய பிள்ளைகள்தான். இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு இவ்வளவு பிந்தி வந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் எங்கள் கரைக்கு இது புதிதல்ல. மலையகத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சனம் இந்த மன்னார்க் கரையில்தான் இறங்கியது. இங்கிருந்து காட்டுப் பாதையில் நூறு மைலுக்கும் மேல் மாத்தளைப் பக்கம் நடந்தது. வழியில் செத்தவர்கள் ஏராளம். 1914-இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வந்த பிறகு ரயிலில் போனார்கள். அந்தத் தோட்டங்களில் ஒரு காலம் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வேலையை விட்டுப் போவதற்கே முதலாளியின் காகிதம் வேண்டும் என்றால், கூடிப் பேசுவது எப்படி? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சங்கமும் சம்பளமும் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். பரிகாரம் என்று சட்டப் புத்தகத்தில் இன்று நாம் படிப்பதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களிலிருந்து வந்தவை.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

சங்கம் அமைப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. 14ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டுச் சட்டம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்கிறது. ஏழு பேர்தான். பலருக்கு இது தெரியாது. "முழு லைனும் வந்தாத்தான் முடியும்" என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பதிந்த பெரிய சங்கமொன்றில் சேர்ந்து அதன் கிளையாக இருப்பதென்றால் பதிவு வேலையும் இல்லை.

முதலாளி என்ன செய்யக் கூடாது என்பது வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999-இல் ஒரு திருத்தம் வந்தது. 32அ என்ற பிரிவு அப்போது சேர்ந்தது. வேலை தருவதற்கு நிபந்தனையாகச் சங்கத்தில் சேராதே, சேர்ந்திருந்தால் விலகு என்று சொல்லக் கூடாது. சங்க உறுப்பினர் என்பதற்காகவோ சங்க வேலை செய்ததற்காகவோ வேலைநீக்கம் செய்யக் கூடாது. ஆசை காட்டித் தடுக்கக் கூடாது; "உன்னை சூப்பர்வைசர் ஆக்குறம், அந்தக் கூட்டத்தோட சேராத" என்பது இந்த வகை. சங்கம் அமைப்பதையும் அதற்குப் பணம் கொடுப்பதையும் தடுக்கக் கூடாது. சங்க நடவடிக்கைகளில் தலையிடக் கூடாது. நல்லெண்ணத்தோடு சாட்சி சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது. யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதவர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேரம் பேச மறுக்கக் கூடாது.

வாசிக்க நல்லாத்தான் இருக்கிறது. எனக்கு ஆரம்பத்திலேயே இடித்த இடம் வேலைநீக்கம் பற்றிய பகுதி. சங்கத்தை மட்டுமே காரணமாகக் கொண்டு நீக்கினால்தான் குற்றம் என்று அது எழுதப்பட்டிருக்கிறது. எந்த முதலாளி அப்படி எழுதுவார்? கடிதத்தில் "உற்பத்தி இலக்கை அடையவில்லை", "மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்தார்", "அனுமதியின்றி வேலைத்தலத்தை விட்டு வெளியேறினார்" என்று இருக்கும். எல்லாத் தொழிலாளியிடமும் ஒரு தவறு கண்டுபிடிக்கலாம். சங்கம் தொடங்கும் வரைக்கும் அந்தத் தவறு யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

சங்கத்தில் இருப்பதற்காகத் தரப்படும், வேலைநீக்கம் தவிர்ந்த மற்றத் தண்டனைகள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. பழகிய மெசினிலிருந்து எடுத்துத் தெரியாத மெசினில் போடுவது, மேலதிக நேர வேலையை வெட்டுவது, கழிவறைக்குப் போகும் நேரத்தைக் குறிப்பது, இரண்டு கூட்டாளிகளை இரண்டு லைனில் பிரிப்பது எல்லாம் இதில் அடங்கும். சங்க நடவடிக்கையில் தலையிடுதல் என்ற பகுதிக்குள் அவற்றை வாதாடித்தான் கொண்டுவர வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் இவைதான். வேலைநீக்கக் கடிதம் கொடுக்கும் முதலாளி கொஞ்சம் அவசரக்காரர். பொறுமையுள்ளவர் அவளாகவே போக வைப்பார்.

இனி, இந்த 32அ-வை மீறினால் என்ன நடக்கும்? நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு, குற்றம் நிரூபணமானால் தண்டப்பணம். தண்டம் முதலில் 20,000 ரூபாயாக இருந்தது. 2011-இல் ஒரு லட்சம் வரை என்று உயர்த்தினார்கள். ஒரு ஏற்றுமதித் தொழிற்சாலைக்கு அது ஒரு நாள் டீச் செலவு. அதை விடப் பெரிய சிக்கல், இந்த வழக்கைத் தொழிலாளியோ சங்கமோ நேரே போட முடியாது. தொழில் திணைக்களம்தான் போட வேண்டும். நீங்கள் முறைப்பாடு கொடுக்கலாம், திணைக்களம் விசாரிக்கும், வழக்குப் போடுவதா இல்லையா என்று அது முடிவெடுக்கும். சர்வதேசத் தொழில் அமைப்பின் நிபுணர் குழு இதைப் பல வருசமாகச் சுட்டிக்காட்டிக் கொண்டே இருக்கிறது. ஒழுங்கமைக்கும் உரிமை பற்றிய 98ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்றது 1972-இல். சட்டத்தில் அதற்கென ஒரு பிரிவு வர 1999 ஆனது. அந்தப் பிரிவின் திறப்பு இன்னமும் திணைக்களத்தின் கையில்.

ஆகவே வேலை போனவளுக்கு நான் முதலில் காட்டுவது தொழில் நியாயசபையை. 1957-இல் வந்த திருத்தத்தால் பிறந்த மன்றம் அது. இங்கே தொழிலாளி தானே போகலாம், அவர் சார்பில் சங்கம் போகலாம். வேலையை நிறுத்தியது தான்தான் என்று முதலாளி ஒத்துக்கொண்டால், நிறுத்தியது சரிதான் என்று காட்டும் பொறுப்பும் அவர் தலையில்தான். சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் இங்கே கட்டாயம் இல்லை. நீதியும் நியாயமுமான கட்டளை எதுவோ அதைக் கொடு என்றுதான் சட்டம் சபைக்குச் சொல்கிறது. நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் வேலை கொடு என்றும் சொல்லலாம், நட்டஈடு கொடு என்றும் சொல்லலாம். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் உங்கள் மொழியில் உங்கள் கதையைச் சொல்லலாம்.

ஆனால் ஆறு மாதம். வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். என் மேசைக்கு வந்தவர்களில் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள் அதிகம். "எச்.ஆர். மேடம் பேசிப் பாக்கிறன் எண்டாங்க", "லேபர் ஒபிசில குடுத்திருக்கு, கூப்பிடுவாங்க எண்டு இருந்தன்" என்பார்கள். காலண்டரைப் பார்த்தால் ஏழாவது மாதம். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். பேச்சுவார்த்தை என்று இழுப்பதற்குச் செலவில்லை. நியாயசபையில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்; சங்கம் முதலாளியோடு பேசிக் கொண்டிருந்தால் விசாரணையை நிறுத்தி வைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்த கடிதம்தான் அடுத்த பொறி. பிள்ளையை அறைக்குக் கூப்பிடுவார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், கதவு சாத்தியிருக்கும். "நாங்க நிப்பாட்டினா உனக்கு வேற எங்கயும் வேலை கிடைக்காது. நீயா விலகினா நல்ல சேர்ட்டிபிகேட் தாறம்." காகிதம் ஆங்கிலத்தில் அடித்துத் தயாராக இருக்கும். சிலவேளை சிங்களத்தில். பத்தொன்பது வயதுப் பிள்ளை, வாசிக்கத் தெரியாத காகிதம், வீட்டில் கடன். கையெழுத்து விழுந்துவிடும். அப்படி வாங்கியதும் முதலாளி செய்த வேலைநீக்கத்துக்குச் சமம்தான் என்று நியாயசபையில் வாதாடலாம். ஆனால் அப்போது, நான் விலகவில்லை, விலக்கப்பட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் அவள் பக்கம் சாய்ந்துவிடும். அந்த அறையில் அவளுக்குச் சாட்சி யார்? துண்டுக்கு நூறு வருசத்துக்கு முன் விடை கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். அந்த "நல்ல சேர்ட்டிபிகேட்" என்ன?

அதனால் எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். "வாப்பாட்டக் காட்டிட்டு நாளைக்குத் தாறன்" என்று சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், வாதாட வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டால் அன்றைக்கே, முடியாவிட்டால் அடுத்த நாளே, இன்னின்னார் முன்னிலையில் இப்படி வற்புறுத்தி வாங்கினார்கள், நான் விலகவில்லை, வேலைக்கு வரத் தயார் என்று ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும். தபால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்து எழுதும் பத்துப் பக்கத்தை விட அந்த அரைப் பக்கம் பெறுமதி.

தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மெலிது. அந்தக் காலத்தில் ஆளைப் பிடிக்கவில்லை என்று முதலாளி நிறுத்தினால், கெட்ட நோக்கம் இருந்ததென்று காட்டாத வரை நியாயசபை பொதுவாகத் தலையிடாது. மேன்பவர் ஏஜென்சி வழியாக வந்தவர்கள் நிலை அதை விட மோசம். யார் முதலாளி என்பதே முதல் சண்டை. தொழிற்சாலை "இவள் எங்கட ஆள் இல்லை" என்னும், ஏஜென்சி "வேலை முடிஞ்சுது" என்னும். ஆட்குறைப்பு என்று சொல்லி நிறுத்தினால் மட்டும் இன்னொரு சட்டம் கைகொடுக்கும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஆளை நிறுத்துவதென்றால் தொழிலாளியின் எழுத்து மூல சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். "ஓடர் குறைஞ்சு போச்சு, ஆறு பேரை நிப்பாட்டுறம்" என்று சொல்லி, அந்த ஆறு பேரும் சங்கக் குழுவாகவே இருந்தால் இந்தச் சட்டத்தை எடுங்கள். அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: அது அரச, நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் முதலாளிக்கு எதிராக அந்த வழி இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் எனக்கு மனதில் நிற்கிற குறை ஒன்று இருக்கிறது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான்.

சங்கம் தொடங்கும் நேரத்தில் ஒருத்தியை நிறுத்துவது அவளை நிறுத்துவதற்காக அல்ல. மிச்சமிருக்கும் நானூறு பேர் பார்ப்பதற்காக. அவள் மூன்று வருசம் கழித்து நியாயசபையில் வென்று, நட்டஈடும் வாங்கிவிட்டாள் என்று வையுங்கள். அவளுக்கு நீதி கிடைத்தது. அந்த நானூறு பேருக்கு? அதில் பாதிப் பேர் கலியாணம் முடித்துப் போயிருப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சங்கம் என்று ஒன்று முளைக்கப் பார்த்ததே தெரியாது. முதலாளி கொடுத்த நட்டஈடு, சங்கம் இல்லாத மூன்று வருசத்துக்கான விலை. பேரம் பேச மறுத்தால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 40 வீதம் சேர்ந்தால்தான் அந்தக் குற்றமே பிறக்கிறது. 15 வீதத்தில் நாலு பேரை நிறுத்தினால் 40 எப்போதும் வராது. சட்டம் தனியாளுக்கு மருந்து கட்டுகிறது, காயம் பட்டது கூட்டத்துக்கு.

2003-இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஜகலங்கா என்ற தொழிற்சாலையில் நடந்ததைப் பாருங்கள். சங்கத்துக்கு ஆதரவு எவ்வளவு என்று அறிய அந்த வருசம் ஜூலையில் தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு வைத்தது. அதற்கு முன் மிரட்டல் நடந்தது, தொழிற்சாலையை மூடிவிடுவார்கள் என்று பயம் காட்டினார்கள் என்பது சங்கத்தின் முறைப்பாடு. வாக்களிக்க வந்தவர்கள் 17 பேர். சட்டப்படி பார்த்தால் கதை அங்கேயே முடிந்தது. 40 வீதம் இல்லை. ஆனால் அது முடியவில்லை. அங்கே தைத்த உடுப்புகளை வாங்கிய வெளிநாட்டு நிறுவனங்களிடம் விசயம் போனது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிரசாரம் நடந்தது, வர்த்தகச் சலுகை பற்றிய பேச்சு எழுந்தது. அதே வருசம் ஒக்டோபரில் சங்கத்தை ஏற்று உடன்பாடு வந்தது. எந்த நீதவானும் தண்டம் விதிக்கவில்லை. ஓடர் கொடுக்கிறவன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்தது.

இது எனக்குச் சந்தோசமான விசயம் இல்லை. நம் நாட்டுச் சட்டம் செய்ய வேண்டியதை வேறு நாட்டுக் கடைக்காரன் செய்வதில் என்ன பெருமை? ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வர்த்தகச் சலுகை 2010-இல் பறிபோய் 2017-இல் திரும்பக் கிடைத்தது. அதற்கான நிபந்தனைச் சமவாயங்களில் தொழிற்சங்க உரிமையும் இருக்கிறது. ஆகவே பிரசல்ஸிலிருந்து ஆட்கள் வரும் வாரத்தில் திணைக்களத்துக் கோப்புகள் வேகமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். வேறு வாரங்களிலும் அவை நகரலாம்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முறைப்பாட்டை யாரும் கொடுக்கலாம், ஆறு மாதக் கெடு அங்கேயும் உண்டு. மீள வேலை, நிலுவைச் சம்பளம், தொழிற்சாலைச் சுவரில் "இனிச் செய்ய மாட்டோம்" என்று முதலாளி அறிவித்தல் ஒட்டுவது, இவை வழக்கமான கட்டளைகள். தண்டப்பணம் கிடையாது, வேறெங்காவது உழைத்ததை நிலுவையில் கழித்தும் விடுவார்கள். வழக்குப் போடுவதா என்று அங்கேயும் ஒரு அரச அதிகாரியே முடிவெடுக்கிறார். அந்த வகையில் நாம் தனியாக இல்லை. ஆனால் ஒன்று அங்கே இருக்கிறது, இங்கே இல்லை. முதலாளியின் அட்டகாசத்தால் நேர்மையான வாக்கெடுப்பே நடத்த முடியாமல் போனால், வாக்கெடுப்பை விட்டுவிட்டு, சங்கத்தோடு பேசு என்றே கட்டளையிடலாம் என்று 1969-இல் கிஸ்ஸல் வழக்கில் அவர்களின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனியாளுக்கு அல்ல, கூட்டத்துக்கான பரிகாரம். அவசரத் தடையுத்தரவு கேட்கவும் வழி உண்டு, ஆனால் 2024-இல் ஸ்டார்பக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த வழியை இறுக்கிவிட்டது.

தமிழ்நாட்டுக் கதை நமக்குக் கிட்ட. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டெம்பர் 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் போனது. சம்பளக் கோரிக்கையும் இருந்தது, ஆனால் சிக்கிய இடம் சங்கத்தின் பதிவு. பெயரில் 'சாம்சங்' வரக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. விசயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அடுத்த மாதமே சங்க நிருவாகிகள் சிலர் தற்காலிகப் பணிநீக்கம். ஒழுங்கீனம் என்றது நிறுவனம், பழிவாங்கல் என்றது சங்கம். பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பதால் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு அதை விட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

திண்டுக்கல்லில் வேறு மாதிரி நடந்தது. நாச்சி அப்பேரல் என்ற ஆலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் போராடியது. 2022-இல் ஆலை உரிமையாளர், எச் அண்ட் எம் போன்ற வாங்கும் நிறுவனங்கள், சங்கம் எல்லாம் கையெழுத்திட்ட உடன்படிக்கை வந்தது. பாலியல் தொல்லைக்கு எதிரானது அது. சங்கத்தில் சேரும் சுதந்திரமும் அதற்குள் வருகிறது. ஆலை மீறினால் வியாபாரத்தில் அடி விழும் என்பது ஒப்பந்தமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஜகலங்காவில் பிரசாரத்தால் நடந்ததை இங்கே காகிதத்தில் கட்டிவைத்தார்கள். நம் வலயங்களுக்கும் இப்படி ஒன்று வரவேண்டும் என்பது என் விருப்பம். சட்டம் திருந்தக் காத்திருப்பதை விட அது சீக்கிரம் நடக்கலாம் என்றும் நினைக்கிறேன். 

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்கு இதெல்லாம் தூரம். அவளுடைய கவலை வாட்ஸ்அப் குழு. முப்பத்துச் சொச்சம் பேர் அதில் இருக்கிறார்கள், யாரோ ஒருத்தி ஸ்கிரீன்சொட் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்புகிறாள். அடுத்த நாள் காலை ஒருத்தியின் மெசின் மாறியிருக்கிறது. குழுவில் பேசுவதை நிறுத்தச் சொன்னேன். நேரில் பேசுங்கள், பஸ்ஸில் பேசாதீர்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த மாதிரிக் கொப்பி நியாயசபையில் எடுபடுவதைக் கண்டிருக்கிறேன். சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். நேற்று வரைக்கும் ஊக்கத்தொகை வாங்கியவளை இன்றைக்கு உற்பத்தி குறைந்தவள் என்று சொல்ல முடியாமல் செய்வது அந்தச் சீட்டுதான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் போடாமல் விடாதீர்கள்.

அவள் கடைசியாகக் கேட்டதுதான் கஷ்டமானது. சங்கக் குழுவுக்குத் தெரிவாகும் ஏழு பேரின் பெயரையும் முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டுமா, மறைத்து வைக்க வேண்டுமா? இதில் சங்கக்காரர்களே இரண்டு கட்சி. அறிவித்தால் ஏழு பேரும் கண்ணில் விழுவார்கள். மறைத்தால், நாளைக்கு ஒருத்தி வேலை இழக்கும்போது "அவள் சங்கத்தில் இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று முதலாளி சொல்வார், அவருக்குத் தெரியும் என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. தெரியாதவர் பழிவாங்கினார் என்று எந்த மன்றத்தில் சொல்வது? நான் அறிவிக்கும் கட்சி. ஆனால் ஒரு முறை இருக்கிறது. முதலில் உறுப்பினர் படிவங்களைச் சத்தமில்லாமல் நிரப்புங்கள், 40 வீதத்தைத் தாண்டி ஐம்பதுக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள், தாய்ச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் பெயர்ப் பட்டியலை எழுதி, நிறுவனத்துக்கும் தொழில் ஆணையாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போடுங்கள். அதற்குப் பிறகு அந்த ஏழு பேரில் ஒருத்தியின் மேல் கை வைத்தால், காரணம் வேறு என்று விளக்க வேண்டியவர் முதலாளி.

"அஞ்சு பேர் ரெடி சாச்சா, ரெண்டு பேர் பயப்படுறாங்க" என்றாள். பயப்படுகிறவர்களைக் குழுவில் போடாதே மகள், உறுப்பினராக மட்டும் வைத்துக்கொள், வேறு இரண்டு பேரைத் தேடு என்றேன். தேடிக்கொண்டிருக்கிறாள்.